இந்த ஒரு பரீட்சைக்குச் சொல்லித்தர மாட்டேன்

பரத்,

இதை நித்யாதான் உனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். தமிழைக் கேட்டால் உனக்குப் புரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாமே என்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் பாதி படிக்கும்போதே பதில் தயார் செய்துவிடுவாய், நான் தோற்றுவிடுவேன். உன் மனைவி அவளுடைய கோயம்புத்தூர்த் தமிழில் நிறுத்தி நிறுத்திப் படிக்கும்போது நீ குறுக்கே பேசமாட்டாய் என்று ஒரு நம்பிக்கை. நித்யா, கோபமான இடம் வந்தால் குரலைத் தணித்துப் படித்து விடாதேம்மா. எழுதினபடியே படி.

நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரில் உன் போட்டோவோடு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். பெற்ற தாய் என்ற முறையில் என் உணர்வுகளை எழுதித் தரச் சொன்னார்கள். "பெருசா ஒண்ணும் வேண்டாம் மேடம். சின்ன வயசுலேர்ந்தே பையன் எப்படி ஷைன் பண்ணான்னு எழுதுங்க, போதும்" என்றார் மலரைப் பார்த்துக்கொள்பவர். சரி என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன். ஆனால் வந்தது இது. அவர்கள் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டால் வேறு எங்காவது கொடுப்பேன். ஊர் முழுக்க வாழ்த்துச் சொன்ன விஷயத்துக்கு உன்னிடம் மட்டும் போனில் முணுமுணுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் போன வாரம் பிரசாத வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நம்ம பசங்கள்ல ஒருத்தன் வாஷிங்டன்ல உக்காரப் போறான், நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் சிரித்துவிட்டு புளியோதரையை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தேன். சாப்பிட முடியவில்லை.

நவம்பரில் தேர்தல் முடிவு வந்ததிலிருந்தே நான் நிலைகொள்ளாமல்தான் இருக்கிறேன். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது உனக்குத் தெரியும், அதை இங்கே இழுக்கவில்லை. ஜெயித்தவர் ஜெயித்தார். அவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, ஆனால் ஒரு நாட்டுக்குப் பிடித்தவர் எனக்கும் பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு பெயர்கள் வர ஆரம்பித்தன. தினம் சாயங்காலம் ஒரு பெயர். இந்தத் துறைக்கு இவர், அந்தத் துறைக்கு அவர். ஒவ்வொருவருக்கும் அந்தத் துறையைப் பற்றி என்ன தெரியும் என்று தேடிப் பார்த்தால், தலைவரை விட்டுக்கொடுக்காமல் டிவியில் சண்டை போடத் தெரியும் என்பதுதான் அகப்பட்டது. எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள், மற்றவர்கள் அந்த ஆள் முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று ஊகிக்க வேண்டும். ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். அப்படிச் சிரித்துவிட்டு வந்த ஒரு நாளில்தான் நீ கூப்பிட்டாய்.

இந்தியன் கடை வாசலில் காரை நிறுத்தியிருந்தேன். "அம்மா, ஆர் யூ சிட்டிங்?" என்றாய். "கார்லதான்டா இருக்கேன், எங்க போய் நிக்கறது" என்றேன். நீ சொன்னாய். நாடு முழுக்க மருந்து செய்யும் தொழிற்சாலைகளுக்குள் போய்ச் சோதிக்கிற ஆட்களெல்லாம் இருக்கும் அலுவலகத்தில் தலைமை நாற்காலி. உனக்கு மேலே துறையைப் பார்க்கப் போகிறவருக்கும் அது புதிது, அடுத்து உட்காரப் போகிற உனக்கும் புதிது. "இட்ஸ் யுவர் வேர்ல்ட், அம்மா. ஐ தாட் யூ வுட் பி சோ ஹேப்பி" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிக்னல் சரியில்லை என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டு அறையில் சிரித்த சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மேற்குக் கரையில், பிளசன்டனில் உட்கார்ந்துகொண்டு ஓட்டல்களுக்கு சாஃப்ட்வேர் விற்றாய், நன்றாகவே விற்றாய். பிறகு பாட்காஸ்ட் ஆரம்பித்தாய். ஆயிரக்கணக்கான பேர் கேட்டார்கள். தேர்தலில் ஜெயித்தவருக்காகப் பேசினாய், சோர்வில்லாமல் பேசினாய். அதற்கு அவர்கள் உனக்கு ஏதாவது செய்ய நினைப்பதும் இயல்புதான். ஒரு நல்ல விருந்து வைத்து, மாலை போட்டு அனுப்பியிருக்கலாம். ஒரு தொழிற்சாலைக்குள்கூடக் கால் வைத்திராத உன்னிடம் எல்லாத் தொழிற்சாலைகளையும் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை. கேட்காத பிள்ளைகள்தான் அதிகம், அதற்காகக் குறை சொல்லவில்லை. ஊசி மருந்தைக் குப்பியில் நிரப்பும் அறைக்குள் போகிறவர்களுக்கு நான் பொறுப்பு. அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் தலையிலிருந்து கால்வரை கிருமி நீக்கின உடை போட வேண்டும். போடத் தெரிந்தால் மட்டும் போதாது. போட்டு முடித்ததும் விரல்நுனி, முன்கை, மார்பு, நெற்றி என்று ஒவ்வோர் இடத்திலும் சின்னச் சின்ன வட்டத் தட்டுகளை ஒற்றி எடுப்போம். அந்தத் தட்டுகளைச் சில நாள் சூட்டில் வைத்தால், நம் மேல் இருந்த கிருமி புள்ளி புள்ளியாக முளைத்து வரும். புள்ளி வந்தால் உள்ளே போகக்கூடாது. டாக்டர் பட்டம் வாங்கியவராக இருந்தாலும் அப்படித்தான், துடைப்பம் பிடிக்கிறவராக இருந்தாலும் அப்படித்தான். போன கோடையில் எனக்கே முன்கையில் புள்ளி வந்தது. பிறருக்குச் சொல்லித்தருகிற எனக்கு. மறுபடியும் பழகி, மறுபடியும் தேறுகிறவரை கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உன் அப்பா வாரம் முழுக்க என்னைக் கிண்டல் செய்தார். சாப்பிடும்போது என் கையைக் காட்டி, "தள்ளி உக்காரு, புள்ளி வரும்" என்பார்.

எங்கள் கம்பெனியின் தலைவர் ஒரு முறை வந்தார். பெரிய பெரிய ஆட்களோடு வந்தார். நிரப்பும் இயந்திரம் புதிது, உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். நான்தான் வாசலில் நின்றேன். "நீங்கள் தேறவில்லை, கண்ணாடி வழியாகப் பாருங்கள்" என்றேன், இதைவிடக் கொஞ்சம் மரியாதையாக. அவர் சரி என்று சொல்லி, சின்னப் பையன் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அவர் பெரிய மனது பண்ணினார் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் இடத்தில் அது சாதாரணம். இவ்வளவு சாதாரணமான ஒன்று ஒரு நாட்டின் தலைநகரத்தில் இல்லை என்பதை என்னால் நம்பவே முடியவில்லை, பரத்.

கிறிஸ்துமஸ் லீவில் நீயும் நித்யாவும் பிளெய்ன்ஸ்பரோவில் நம் வீட்டுக்கு வந்தபோது இந்தப் பதவியைப் பற்றிப் பேசலாம் என்று காத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, சமையலறைக்கு வந்து என் தோளைப் பிடித்து, "அம்மா, ஐ நீட் யூ. செனட்ல ஹியரிங் இருக்கு. யூ ஹேவ் டு கோச் மீ" என்றாய். பதவி கொடுப்பதற்கு முன்னால் செனட்டர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களே, அது. என் மனசு என்ன பண்ணியது தெரியுமா? துள்ளியது. அதிர்ச்சி, கோபம் எல்லாம் பறந்து போச்சு. என் பிள்ளை பல வருஷம் கழித்து என்னிடம் பாடம் கேட்கிறான். மறுநாள் காலையிலேயே சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, காபி போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். காற்று வடிகட்டி என்றால் என்ன, எப்போது ஒரு தொழிற்சாலைக்கு எச்சரிக்கை அனுப்புவார்கள், எப்போது மூடுவார்கள், மருந்துத் தட்டுப்பாடு ஏன் வருகிறது என்று வரிசையாகச் சொன்னேன். நீ கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாய். நித்யா வயிற்றைத் தாங்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா டை கட்டிக்கொண்டு செனட்டராக உட்கார்ந்தார். அவருக்கு அந்த வேஷம் மிகவும் பிடித்திருந்தது.

அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் நீ பதில் சொன்னாய். நான் அன்று காலையில் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள்தான், ஆனால் உன் வாயிலிருந்து வரும்போது இருபது வருஷம் அந்த வேலையைச் செய்தவன் பேசுவதுபோல் இருந்தது. எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும், எந்த இடத்தில் கவலையோடு தலையசைக்க வேண்டும், எல்லாம் உனக்கே வந்தது. நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். அப்புறம்தான், சொல்லித்தராத ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. குழந்தைகளுக்கான புற்றுநோய் ஊசி மருந்து ஒன்று. அதை நாட்டில் ஒரே ஒரு தொழிற்சாலைதான் செய்கிறது. சோதிக்கப் போன பெண், நிரப்பும் இடத்தில் பூஞ்சை இருக்கிறது என்று உனக்குப் போன் பண்ணுகிறாள். மூடினால் குழந்தைகளுக்கு மருந்து இல்லை. மூடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. என்ன செய்வாய்?

நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செனட்டர், பேஷண்ட்ஸ் கம் ஃபர்ஸ்ட். ஆல்வேஸ்" என்று ஆரம்பித்து அழகாக நாலு வாக்கியம் சொன்னாய். அப்பா கை தட்டினார். நான், "அதெல்லாம் சரிடா. மூடுவியா, மாட்டியா?" என்றேன். நீ சிரித்தாய். "அம்மா, தே வோன்ட் ஆஸ்க் தட். ஒவ்வொரு செனட்டருக்கும் ஃபைவ் மினிட்ஸ்தான். ஃபாலோ-அப்புக்கு டைம் இருக்காது" என்றாய். சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பி, "எவ்ளோ மார்க், அப்பா?" என்று கேட்டாய். அவர் பத்துக்கு ஒன்பது என்றார். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நான் எழுந்து போனது தலைவலியால் என்று நீங்கள் நினைத்தீர்கள். சிங்க் முன்னால் நின்றேன். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினேன்.

அந்தக் கேள்விக்கு எனக்கே உடனே பதில் தெரியாது, பரத். நானாக இருந்தால் அந்தப் பெண்ணிடம் கேட்பேன். எந்த மாதிரிப் பூஞ்சை, எந்த மூலையில், எத்தனை நாளாக, அந்த அறையிலிருந்து ஏற்கெனவே வெளியே போன குப்பிகள் எங்கே, ஆஸ்பத்திரிகளில் இருப்பு எவ்வளவு, வேறு நாட்டிலிருந்து வரவழைக்க முடியுமா? அவள் குரலில் பயம் இருக்கிறதா என்றுகூடக் கவனிப்பேன். அதற்குப் பிறகும் தப்பாக முடிவெடுக்கலாம். ஆனால் தப்பு எங்கே இருக்கும் என்பதாவது தெரியும். உனக்கு அவளிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியாது. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை, ஏனென்றால் உனக்கு ஒன்பது மார்க் கிடைத்துவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, ஜியாகரபி போட்டியில் நீ ஜெயித்த வருஷம். நம் ஆட்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு போட்டி இருக்கும், சனி ஞாயிறெல்லாம் அதற்கே போகும். அட்லாண்டிக் எத்தனை ஆழம், அதில் கலக்கும் நதிகள் எவை, கரையில் இருக்கும் நாடுகள் எவை, எல்லாம் உனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கோப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு ஜெர்சி ஷோர் கடற்கரைக்குப் போனோம். நீ பேன்ட்டை மடித்துவிட்டு அலையில் நின்றுகொண்டு, "அம்மா, விச் ஓஷன் இஸ் திஸ்?" என்றாய். நீ நின்றது அட்லாண்டிக்கில்தான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பார்க்கிறவர்களிடமெல்லாம் வருஷக்கணக்கில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். டிசம்பரில் சிங்க் முன்னால் நின்றபோது அதே கதை நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை. கேட்டால் சொல்வது வேறு, தெரிந்திருப்பது வேறு என்று நம் வீடுகளில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இது என் வீட்டில் மட்டும் இல்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளில் இதே சாப்பாட்டு மேஜை இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

ஏர்போர்ட்டுக்குப் போகும்போது காரில் உன்னிடம் வேண்டாம் என்று சொன்னேன். "நான் இல்லேன்னா வேற யாராவது வருவாங்க, அம்மா. சம்படி வர்ஸ். அட் லீஸ்ட் ஐம் எ குட் கய்" என்றாய். வாஸ்தவம், நீ நல்லவன். எனக்கு அந்த நல்லவனைப் பார்த்துத்தான் பயம். வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஒருவனை அந்த இடத்தில் வைத்தால் சோதிக்கப் போகிறவர்கள் உஷாராக இருப்பார்கள். எதிர்த்துப் பேசுவார்கள், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவார்கள். உன்னை நம்பிவிடுவார்கள். இவ்வளவு பணிவாக, இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அவர்களுக்குள் யாராவது சந்தேகப்பட்டு வாயைத் திறந்தால், உன்னை அனுப்பினவர்கள் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். நீ வருத்தப்படுவாய். வருத்தப்பட்டு அழகாக நாலு வாக்கியம் சொல்வாய்.

மார்ச்சில் பிரசவத்துக்கு நான் அங்கே வருகிறேன் என்று நித்யாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் மாற்றமில்லை, நீ எந்தப் பதவியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். குழந்தை பிறந்த அன்றைக்கே இங்கே அதற்கு ஒரு ஊசி போடுவார்கள். வைட்டமின்தான், பயப்பட ஒன்றுமில்லை. சுண்டுவிரல் அளவுகூட இருக்காது அந்தக் குப்பி. நர்ஸ் அதை எடுத்து மூடியைத் துடைத்துவிட்டுப் போட்டுவிடுவாள். யார் நிரப்பினார்கள், யார் சோதித்தார்கள், சோதித்தவர்களுக்கு மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் கேட்கமாட்டாள். கேட்காமல் போடலாம் என்ற நம்பிக்கையைத்தான் எங்களைப் போன்ற ஆட்கள் புள்ளி எண்ணி எண்ணிக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். நித்யா, இந்த இடத்தைப் படிக்கும்போது பயந்துவிடாதே. இன்றைக்கு அந்தக் குப்பி நல்ல குப்பிதான். நான் உத்தரவாதம்.

ஊருக்குப் போனதும் இன்னும் நாற்பது கேள்விகள் அனுப்பியிருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் பதில் வேண்டும், மனப்பாடம் பண்ண வசதியாக. நான் அனுப்பப் போவதில்லை. உன் அப்பாவுக்கு என் மேல் கோபம். "அவன் எப்படியும் போகத்தான் போறான். நீ சொல்லிக்குடுத்தா கொஞ்சமாவது தெரிஞ்சுண்டு போவான்ல" என்கிறார். அது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வரிப் பதிலில் உனக்குத் தெரிய வராது, தெரிந்த மாதிரிதான் வரும். நான் சொல்லித்தந்தால் நீ தேறிவிடுவாய், பரத். நீ தோற்றுவிடுவாயோ என்று நான் பயப்படவே இல்லை. தேறிவிடுவாய் என்பதுதான் என் பயம். இதுவரை நீ எழுதிய எந்தப் பரீட்சைக்கும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. இதற்குச் சொல்கிறேன்.

உண்மையாகவே இந்த வேலை உனக்கு வேண்டுமென்றால் வா. முதல் படியிலிருந்து வா. வருஷங்கள் ஆகும், நான் ரிட்டயர் ஆனபிறகும் உட்கார்ந்து சொல்லித்தருவேன், காபியும் போட்டுத் தருவேன். அது வேண்டாமென்றால், இப்போதே போன் பண்ணி, நன்றி, எனக்கு இது தெரியாது என்று சொல்லிவிடு. உன்னைக் கோழை என்பார்கள். சங்கத்து ஆட்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அந்த அம்மாள் கோயிலில் என் கையைப் பிடிக்கமாட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன் பண்ணவும் உனக்கு மனசு வராவிட்டால், அந்த நாற்காலியில் போய் உட்கார். ஹியரிங் நடக்கும் நாளன்று அப்பா டிவி முன்னால் இருப்பார். நான் லீவு போடவில்லை. அன்று எனக்கு உள்ளே வேலை. போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், சாயங்காலம் வரை உலகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து போனை எடுக்கும்போது, உன் பிள்ளை பிரமாதப்படுத்திவிட்டான் என்று எல்லோரும் அனுப்பியிருந்தால், நான் யார் முகத்தையும் பார்க்காமல் காருக்குப் போய்விடுவேன். அதற்குப் பதிலாக, அந்தப் பையனுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்றான் என்று நாடே சிரித்துக்கொண்டிருந்தால், அந்த லாக்கர் பக்கத்தில் நின்றே உன்னைக் கூப்பிடுவேன். முதல் ரிங்கிலேயே எடு.

அம்மா